லண்டனில் விட்டுவந்தவை



போன மாதம் ஸ்காபரோவில் ஒரு கலியாண வீட்டில் சாப்பாட்டு வரிசையில் நின்றபோது, பக்கத்தில் நின்ற தம்பி ஒருவர் என்னைக் கேட்டார். "அண்ணை, கனடாவுக்கு வந்து இவ்வளவு காலமாச்சு. இன்னும் லண்டனை நினைக்கிறனீங்களோ?" ஓம் என்றேன். அவர் சிரித்தார். "ஊரை நினைச்சாலும் பரவாயில்லை. அகதியா இருந்த இடத்தை ஆரும் நினைப்பினமோ?" என்றார். அதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது. அன்றைக்குச் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இன்று உங்கள் முன் சொல்லப் போகிறேன். அவரும் இந்த வானொலி கேட்பவர்தான்.

நான் 1988 இல் லண்டன் போனவன். அப்போது வயது 23. ஊர் மயிலிட்டி. ஈஸ்ட்ஹாமில் ஒரு வீட்டில் ஏழு பெடியள் இருந்தோம். 2010 இல் மகளுக்காக இங்கே வந்து சேர்ந்தேன். இடையில் 22 வருடங்கள். ஊரில் நான் வாழ்ந்தது 23 வருடங்கள். இரண்டுக்கும் ஒரு வருடம்தான் வித்தியாசம்.

லண்டனில் எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. 1990களின் தொடக்கத்தில் இரவு வேலை முடிந்து தனியே நடந்து வரப் பயப்பட்ட தெருக்கள் இருந்தன. முகத்துக்கு நேரே துப்பிவிட்டுப் போனவனும் உண்டு. என்னுடைய தஞ்சக் கோரிக்கைக்கு ஒழுங்கான முடிவு வர பத்து வருடம் ஆனது. குளிர் தண்ணீருக்கு ஒரு குழாய், சுடுதண்ணீருக்கு ஒரு குழாய் என்று கழுவுதொட்டியின் இரண்டு மூலையிலும் வைத்திருப்பார்கள். ஒன்றில் கை விறைக்கும், மற்றதில் அவியும். அதை நான் ஒருநாளும் தேடப் போவதில்லை.

நான் தேடுவது முதலில் கேத்தில். சிரிக்காதீர்கள். இங்கே வந்த முதல் வாரம் மகளின் குசினியில் தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போட்டுவிட்டு நின்றேன், நின்றேன், தண்ணீர் கொதிப்பதாக இல்லை. கேத்தில் பழுது என்று நினைத்தேன். பழுதில்லை. பிரித்தானியாவில் வீட்டு மின்சாரம் 230 வோல்ற், பிளக் 13 அம்பியர். அதனால் கேத்தில் ஏறக்குறைய 3000 வாற்றில் கொதிக்கும். இங்கே சாதாரண பிளக் 120 வோல்ற், 15 அம்பியர், கேத்தில் 1500 வாற். ஒரு லீற்றர் தண்ணீர் அங்கே இரண்டு நிமிடத்தில் கொதித்தால் இங்கே நாலு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்துக்கு ஒரு மனிதன் பதினைந்து வருடமாகக் குறைப்படுவானா என்று மகள் கேட்கிறாள்.

ஆனால் அந்த நாட்டில் கேத்தில் லேசுப்பட்ட சாமான் இல்லை. 1990 ஜூலை 4 ஆம் திகதி உலகக் கிண்ண அரையிறுதியில் இங்கிலாந்தும் மேற்கு ஜேர்மனியும் விளையாடின. கடைசியில் பெனால்ரி உதையில் இங்கிலாந்து தோற்றது. ஆட்டம் முடிந்ததும் நாடு முழுக்கச் சனம் எழும்பிப் போய்க் கேத்திலைப் போட்டது. மின்சாரத் தேவை ஒரே மூச்சில் 2800 மெகாவாற் ஏறியது. இப்படியான ஏற்றங்களைச் சமாளிக்கவென்றே வேல்ஸில் ஒரு மலைக்குள்ளே டினோர்விக் என்ற நீர்மின் நிலையம் வைத்திருக்கிறார்கள்.

அந்த 2800 இல் எங்கள் வீட்டுக் கேத்திலும் உண்டு. அது ஒரு மோசமான மாதம். ஜூனில் ஊரில் சண்டை மறுபடி தொடங்கியிருந்தது. மயிலிட்டிச் சனம் முழுக்க இடம்பெயர்ந்துவிட்டது என்பது மட்டும் தெரியும். யார் எங்கே என்று ஏழு பேரில் ஒருவருக்கும் தெரியாது. கடிதம் இல்லை, தொலைபேசி இல்லை. அன்றைக்கு விளையாட்டுப் பார்த்தது கூட ஒன்றையும் யோசிக்காமல் இருக்கத்தான். முடிந்ததும் எங்களில் ஒருவன் எழும்பிப் போய் ஒன்றும் பேசாமல் ஏழு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றினான். அடுத்த வீட்டு வெள்ளைக்காரனும் அந்த நேரத்தில் அதையேதான் செய்திருப்பான், அவனுக்கு வேறு துக்கம்.

அடுத்தது, அந்தச் சனம் கூப்பிடுகிற விதம். நான் போன புதிதில் லண்டன் பஸ்களில் நடத்துநர்கள் இருந்தார்கள். பின்பக்கம் திறந்த அந்தச் சிவப்பு மாடி பஸ்கள் வழமையான சேவையில் இருந்து 2005 டிசம்பரில்தான் நின்றன. என் முதல் கிழமை, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு நடத்துநர் அம்மா காசை வாங்கிக்கொண்டு "தாங்க் யூ, லவ்" என்றார். எனக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது. வீட்டில் வந்து சொன்னால் ஆறு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாங்கள் "மோனை" என்பது போலத்தான் அது. மீன் கடையிலும் சொல்லுவார்கள், தபால் கந்தோரிலும் சொல்லுவார்கள். கடையில் தண்டுகிற பையனுக்கும் தலைப்பாகை கட்டிய முதியவருக்கும் அதே சொல்தான். இங்கே கனடாவில் மரியாதை கூட, "சேர்" என்கிறார்கள். ஆனாலும் யாராவது ஒருதரம் "லவ்" என்று கூப்பிட மாட்டார்களா என்றிருக்கும்.

இனி வானொலி. என்னுடைய பெற்றோல் நிலைய வேலை பெரும்பாலும் இரவில். கதவைப் பூட்டிவிட்டு, தடித்த கண்ணாடிக்குப் பின்னால் இருந்துகொண்டு, காசு வாங்க ஒரு லாச்சியை வெளியே தள்ளி உள்ளே இழுக்கிற வேலை. உங்களில் எத்தனையோ பேர் பார்த்த வேலைதான். ஒரு சின்ன வானொலிப் பெட்டி வைத்திருந்தேன். நள்ளிரவு தாண்டி, ஒரு மணிக்குச் சற்று முன்னால், பிபிசியின் நாலாவது அலைவரிசையில் மெல்லிய இசை ஒன்று போகும். 'செய்லிங் பை' என்று பெயர், ரொனால்ட் பிஞ்ச் என்பவர் 1963 இல் இயற்றியது. அதைத் தொடர்ந்து ஒரு குரல் கடலை வாசிக்கத் தொடங்கும்.

கப்பல்களுக்கான வானிலை அறிக்கை அது. பிரித்தானியாவைச் சுற்றியுள்ள கடலை 31 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வாசிப்பார்கள். வைக்கிங், குரோமார்ட்டி, டொகர், பிஷர், ஜேர்மன் பைற், ஹம்பர், தேம்ஸ், டோவர், வைற் என்று ஒரே ஒழுங்கில் போகும். முதலில் காற்றின் திசையும் வேகமும், பிறகு மழை, பிறகு எவ்வளவு தூரம் கண் தெரியும் என்பது. அவசரமில்லை, அழுத்தமில்லை. என் அப்பு வள்ளம் வைத்திருந்தவர். காற்றின் பெயர் தெரியாமல் எங்கள் வீட்டில் ஒரு பிள்ளையும் வளரவில்லை. வடக்கில் இருந்து வந்தால் வாடை, கிழக்கென்றால் கொண்டல், மேற்கென்றால் கச்சான், தெற்கென்றால் சோளகம். அந்தக் குரல் தென்மேற்கு என்று சொன்னால், சோளகமும் கச்சானும் கலந்து அடிக்கப் போகுது என்று எனக்குள்ளே மொழிபெயர்த்துக்கொள்வேன். ஈஸ்ட்ஹாமுக்கும் அந்தக் கடலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, எனக்கும் இல்லை. ஆனாலும் அது கேட்காமல் ஓர் இரவு வேலையும் கழிந்ததில்லை.

அது எப்படி வந்தது என்று பிறகு படித்தேன். 1859 ஒக்டோபரில் வேல்ஸின் அங்கிள்சீ தீவுக் கரையில் 'றோயல் சார்ட்டர்' என்ற கப்பல் புயலில் உடைந்து நானூறுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பிட்ஸ்ரோய் என்ற கடற்படை அதிகாரிதான் அப்போது வானிலைப் பிரிவுக்குப் பொறுப்பு. டார்வினை ஏற்றிச் சென்ற 'பீகிள்' கப்பலின் கப்டன் அவர். அந்த அழிவுக்குப் பிறகு, தந்தி மூலம் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்ப ஏற்பாடு செய்தார். 1861 இல் அது தொடங்கியது. 2002 இல், பினிஸ்ரர் என்றிருந்த கடற்பகுதிக்கு அவருடைய பெயரையே வைத்தார்கள்.

அதே 2002 இல், சமாதான காலத்தில், ஏ9 பாதை திறந்த பிறகு, ஊருக்குப் போனேன். 14 வருடத்துக்குப் பிறகு அப்புவைப் பார்க்கிறேன். மயிலிட்டி உயர் பாதுகாப்பு வலயம். அப்பு பருத்தித்துறைப் பக்கம் சொந்தக்காரர் வீட்டு விறாந்தையில் ஒரு சாய்மனைக் கதிரையில் இருந்தார். வள்ளம் போய்ப் பன்னிரண்டு வருடம். லண்டனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நானாகத்தான் இந்த அறிக்கையைப் பற்றிச் சொன்னேன். "அப்பு, அங்கே வானொலியில் ஒரு நாளைக்கு நாலு தரம் கடலை வாசிக்கிறாங்கள்" என்றேன்.

நிமிர்ந்து உட்கார்ந்தார். எந்தக் கடல், ஆழம் என்ன, என்ன மீன் என்று கேட்டுக்கொண்டே போனார். பிறகு கேட்டார். "அங்கே தொழிலுக்குப் போறவனுக்கு நேவியிட்டைப் பாஸ் எடுக்க வேணுமோ?"

இல்லை அப்பு என்றேன்.

"அப்ப, போற நேரம்?"

"அவங்கள் விரும்பின நேரம் அப்பு. புயல் எண்டால் மட்டும் யோசிப்பினம்."

அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அதைத் திருப்பிச் சொல்லு பாப்பம்" என்றார். எனக்குப் பாடம். வைக்கிங்கில் தொடங்கி வரிசையாகச் சொன்னேன். காற்றையும் நானே போட்டேன், எல்லா இடத்துக்கும் நல்ல காற்று.

அப்பு 2005 இல் காலமானார். மயிலிட்டித் துறைமுகத்தை 2017 ஜூலையில்தான் விட்டார்கள். அக்கா போய்ப் பார்த்தா. வீடு இருந்த இடத்தைக் கிணற்றை வைத்துத்தான் கண்டுபிடித்ததாகச் சொன்னா.

இன்னும் ஒன்றிருக்கிறது. எங்கள் தெருவில் தனியாக இருந்த வெள்ளைக்கார மூதாட்டி ஒருவர். நான் அவருடைய குப்பைப் பையை வாசலுக்குக் கொண்டு வைப்பேன், அவர் என் கடிதங்களில் விளங்காத ஆங்கிலத்தை வாசித்து விளக்குவார். 1996 இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "உனக்கு வேலை இல்லைத்தானே, நடக்கப் போவோம்" என்று கூட்டிக்கொண்டு போனார். சென்றல் லைன் ரயிலில் எப்பிங் வரை போய் இறங்கினோம். அங்கிருந்து ஹார்விச் துறைமுகம் வரைக்கும் 130 கிலோமீற்றர் நடைபாதை ஒன்று போகிறது. நாங்கள் போனது கொஞ்சத் தூரம்தான்.

ஓரிடத்தில் வேலி வந்தது. வேலிக்கு அப்பால் யாருடையதோ பார்லி வயல். நான் நின்றுவிட்டேன். அவர் ஒரு மரக்கட்டையைக் காட்டினார். அதில் மஞ்சள் அம்புக்குறி, வயலுக்குள்ளே போகச் சொல்லி. "இது ஆற்றை காணி?" என்று கேட்டேன். ஒரு கமக்காரனுடையது என்றார். "அப்ப எப்படிப் போறது?" என்றேன். அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. பிறகு சொன்னார். பாதை அந்தக் கமக்காரனுக்கு முந்தியது. காணி அவனுடையது, நடக்கிற உரிமை எல்லாருடையது. மறிக்க முடியாது. உழுதால் கூடப் பாதையைத் திருப்பி நடக்கத் தக்கதாக்கிவிட வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக இப்படிப்பட்ட பாதைகள் இரண்டு இலட்சம் கிலோமீற்றருக்கு மேல் இருக்கின்றன. 1949 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு ஒவ்வொன்றாக வரைபடத்தில் பதியத் தொடங்கினார்கள்.

பின்னால் நடந்தேன். கண் அங்கும் இங்கும் காவலரணைத் தேடியது. நிரந்தர வதிவிடம் இல்லாதவன், எந்த நேரமும் திருப்பி அனுப்பலாம் என்று நிற்கிறவன், முன்பின் தெரியாத ஒருவனின் வயலுக்கு நடுவால் போகிறேன். அதே நேரத்தில் என் தகப்பன் தன் சொந்த வளவுக்குப் போக முடியாமல் இருக்கிறார். அன்றைக்கு அந்த மூதாட்டி கொண்டுவந்த பிளாஸ்கில் தேத்தண்ணியும் இரண்டு விசுக்கோத்தும் குடித்துத் தின்ற இடம் இன்றும் கண்ணுக்குள்ளே நிற்கிறது.

இங்கே ரூஜ் பூங்கா இருக்கிறது, அழகான இடம், பேரப்பிள்ளையோடு போகிறேன். ஆனால் அது பூங்கா. வாசல் உண்டு, கார் விட இடம் உண்டு. பார்லி வயல் வேறு.

தம்பி, உங்கள் கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான். ஊரை நினைக்காமல் இதை நினைக்கவில்லை. இரண்டும் ஒன்றையொன்று கூட்டிக்கொண்டு வருகின்றன, எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

லண்டன் நள்ளிரவு அறிக்கை இங்கே மாலை எட்டு மணிக்குச் சற்று முன்னால் வரும். இணையத்தில் போட்டுவிட்டுக் கேத்திலையும் போடுவேன். ஏழு வயதுப் பேத்தி "அம்மப்பா, டொகர் வந்திட்டுதோ?" என்று கேட்டுக்கொண்டு வந்து மடியில் ஏறுவாள். வைக்கிங்கில் தொடங்கி வைற் வந்த பிறகும் தண்ணீர் கொதித்திருக்காது.

நேயர்களில் யாராவது வருகிற மாதம் லண்டன் போவதாக இருந்தால் நிலையத்துக்கு அறிவியுங்கள். சிப்ஸுக்கு விடுகிற மண்ணிறவினாகிரி ஒரு போத்தல் எனக்குத் தேவை. இங்கே விற்கிறது அந்த ருசி இல்லை.