நம் பணத்தை நாம் கேட்போம்
(மும்பை தாராவியில் நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பேசுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நாங்கள் சட்டம் படித்தவர்கள் அல்ல. மெட்ரிக் தேறி ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்ப்பவர்கள். மாதம் பிறந்தால் எங்களுக்குச் சம்பளம் வந்துவிடும். நாளைக்கு வேலை உண்டா என்ற கவலையோடு படுப்பவர்கள் உங்களில் பலர். அந்தக் கவலையைப் பற்றி நாங்கள் பேசுவது ஒருவகையில் துணிச்சல்தான். ஆனாலும் தாள்களோடு மாரடிப்பது எங்கள் தொழில். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு பேசுகிறோம்.

மூன்று மாதங்களுக்கு முன் ஒரு தம்பி இந்த மன்றத்து வாசலுக்கு வந்தான். தானா பக்கம் ஒரு பேக்கிங் கம்பெனியில் நான்கு வருஷம் வேலை பார்த்தவன். ஒரு சனிக்கிழமை மாலை பதினோரு பேரைக் கூப்பிட்டு, "ஆர்டர் இல்லை, திங்கள் முதல் வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். பாக்கிச் சம்பளம் தருவதற்கு முன் ஆளுக்கு ஒரு தாளை நீட்டினார்கள். இங்கிலீஷில் அச்சடித்த தாள்.

"என்ன தாள் என்று கேட்டாயா?" என்றோம்.

"கேட்டேன் அண்ணாச்சி. கணக்கு முடிக்கிற தாள், போடு என்றார்கள். போட்டேன்."

அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? "சொந்தக் காரணங்களால் நானே வேலையை விட்டு விலகுகிறேன்" என்று எழுதியிருந்தது. தோழர்களே, கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியவன், நீயாகத்தான் போனாய் என்று எழுதி வாங்கிக்கொண்டான்!

அந்த ஒரு கையெழுத்தால் அவன் இழந்தது என்ன என்பதைத்தான் இன்று சொல்ல வந்தோம்.

சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. என்று ஒரு பிடித்தம் இருக்கும். அதை ஆஸ்பத்திரிக்குப் பிடிக்கும் காசு என்றுதான் நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். 2019 ஜூலை 1 முதல் அந்தக் கணக்கு இப்படி: நம் சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய், முதலாளி பங்கு நூற்றுக்கு மூன்றேகால் ரூபாய். 15,000 ரூபாய் சம்பளக்காரருக்கு அவர் பங்கு 112 ரூபாய் 50 காசு, முதலாளி பங்கு 487 ரூபாய் 50 காசு. ஆக மாதம் 600 ரூபாய் அவர் பெயரில் போகிறது. முதலாளி கட்டுவதும் நம் உழைப்பில் வந்த பணம்தான். சேட்டு தன் வீட்டு நகையை விற்றுக் கட்டவில்லை.

இந்தத் திட்டத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். பேராசிரியர் அடார்கர் 1944இல் அறிக்கை தந்தார். 1948இல் சட்டம் வந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் பிரதமர் நேரு தொடங்கி வைத்தார். நோய்க்கு உண்டு, பிரசவத்துக்கு உண்டு, வேலையில் அடிபட்டால் உண்டு, செத்தால் குடும்பத்துக்கு உண்டு. வேலை போனால் மட்டும் ஒன்றும் கிடையாது. 1950இல் வந்த அரசியல் சட்டத்தின் 41ஆவது பிரிவு, வேலையில்லாத காலத்தில் அரசு உதவி வேண்டும் என்கிறது. "அரசின் பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டு" என்று அதற்கு ஒரு கடிவாளமும் போட்டிருக்கிறது. அந்தச் சக்தி வருவதற்குள் எத்தனை அடுப்புகள் அணைந்தன! 1982 ஜனவரி 18 அன்று இந்த மும்பையில் சுமார் இரண்டரை லட்சம் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதன்பின் வேலைக்குத் திரும்ப முடியாமல் போனவர்கள் பல்லாயிரம் பேர். கை நீட்டிக் கேட்பதற்கு அன்றைக்கு ஒரு கவுண்டர்கூட இல்லை.

2005 ஏப்ரல் 1 அன்றுதான் முதல் கதவு திறந்தது. ராஜீவ் காந்தி பெயரில் வந்த திட்டம் அது. ஆலை மூடினாலோ, ஆட்குறைப்பு என்றாலோ, வேலைக்கு வெளியே அடிபட்டு நூற்றுக்கு 40 அல்லது அதற்கு மேல் நிரந்தர ஊனம் என்றாலோ உதவித்தொகை. தொடக்கத்தில் ஐந்து வருஷம் சந்தா கட்டியவருக்கு ஆறு மாதம் பாதிச் சம்பளம் என்றிருந்தது. பிறகு இரண்டு வருஷச் சந்தா போதும் என்று தளர்த்தி, முதல் 12 மாதம் பாதிச் சம்பளம், அடுத்த 12 மாதம் கால் சம்பளம் என்று உயர்த்தினார்கள்.

இரண்டாவது கதவு 2018 ஜூலை 1 அன்று வந்தது. அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்பது அதன் பெயர். இது 90 நாள் வரை, ஆயுளில் ஒரே முறை. முதலில் சராசரிக் கூலியில் கால் பங்குதான். கொரோனா ஊரடங்கின்போது, 2020 மார்ச் 24 முதல், பாதிப் பங்கு ஆக்கினார்கள். 15,000 ரூபாய் சம்பளக்காரருக்கு மூன்று மாதத்துக்குச் சுமார் 22,000 ரூபாய் வரும். பெரும் செல்வமல்ல. ஆனால் மூன்று மாத வாடகைக்கும் அரிசிக்கும் ஆகும். வட்டிக்காரன் வாசலுக்குப் போகாமல் இருக்க ஆகும்.

யாருக்குக் கிடைக்கும்? இரண்டு வருஷமாவது இ.எஸ்.ஐ.யில் இருந்திருக்க வேண்டும். சந்தாக் கணக்கு அரை வருஷம் அரை வருஷமாக ஓடுகிறது: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று. 2020இல் தளர்த்திய விதிப்படி, வேலை போவதற்கு முந்திய அரை வருஷத்தில் 78 நாளும், அதற்கு முந்திய மூன்று அரை வருஷங்களில் ஏதாவது ஒன்றில் 78 நாளும் சந்தா இருந்தால் போதும். வேலை போய் 30 நாள் ஆனதும் கேட்கலாம். முதலாளியிடம் போய்க் கெஞ்ச வேண்டாம், நாமே இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு மனுச் செய்யலாம் என்று அதே 2020இல் மாற்றினார்கள்.

யாருக்குக் கிடைக்காது? ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்குக் கிடையாது. வயதாகி ஓய்வு பெற்றவருக்குக் கிடையாது. தானாக வேலையை விட்டவருக்கும் கிடையாது.

தானாக விட்டவர்! இப்போது புரிகிறதா, அந்தத் தாளை ஏன் நீட்டினார்கள் என்று? ஆட்குறைப்பு என்று எழுதினால் நோட்டீஸ், நஷ்டஈடு என்று முதலாளிக்குச் செலவு. தானாகப் போனான் என்று எழுதினால் செலவில்லை. அவர் தன் செலவைப் பார்த்தார். நம் தம்பியின் 90 நாள் சோறு அதோடு போயிற்று. கம்பெனி கணினியில் என்ன காரணம் பதிகிறதோ, அதுதான் கவுண்டரில் தெரியும். அங்கே இருப்பவரைத் திட்டிப் பயனில்லை. நாங்களும் கவுண்டரில் உட்கார்ந்தவர்கள்தாம். கண்ணுக்கு முன் அழுகிற மனிதனைவிட ஏட்டில் உள்ள எழுத்துக்குத்தான் அங்கே பலம் என்பது எங்களுக்குத் தெரியும்.

ஆனால் அதே சனிக்கிழமை, அதே வரிசையில் ஓர் அக்கா நின்றார். எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் என்ன செய்தார் தெரியுமா? "எனக்கு இங்கிலீஷ் தெரியாது. தாளைக் கொடுங்கள், பையனிடம் படிக்கச் சொல்லிவிட்டுத் திங்கட்கிழமை வருகிறேன்" என்றார். மிரட்டினார்கள். "பாக்கி திங்கட்கிழமையே தாருங்கள்" என்று சொல்லிவிட்டு நடந்தார். நேரே எங்களிடம் வந்தார். கம்பெனிக்கு ஒரு கடிதம், தொழிலாளர் துறைக்கு ஒரு நகல் போட்டோம். ஆட்குறைப்பு என்றே பதிவாயிற்று. அவருக்குப் பணம் வங்கிக் கணக்கில் வந்துவிட்டது. தம்பிக்கும் மற்றவர்களுக்கும் புகார் கொடுத்திருக்கிறோம். ஒரே நாளில், ஒரே வாசகத்தில், பத்துப் பேர் சொந்தக் காரணத்தால் விலகுவார்களா என்று கேட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. விடப்போவதில்லை.

ஆகவே தோழர்களே, வேலை இருக்கும்போதே செய்ய வேண்டியதைச் சொல்கிறோம். பத்து இலக்கக் காப்பீட்டு எண்ணைத் தெரிந்து வையுங்கள். ஆதாரும் வங்கிக் கணக்கும் அந்த எண்ணோடு சேர்ந்திருக்கிறதா பாருங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் பணம் நிற்கும். ஊரில் ஒரு பெயர், இங்கே ஒரு பெயர் என்பது நம் வீடுகளில் சகஜம். சம்பளச் சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள். பிடித்தம் செய்ததைக் கம்பெனி கட்டியதா என்று அரை வருஷத்துக்கு ஒருமுறை பாருங்கள். படிக்காத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அடல் திட்டம் கெடு வைத்துக் கெடு வைத்து நீட்டிக்கப்பட்டு வந்தது. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் நடப்புக்கு வந்திருக்கிறது. மனுச் செய்யும் அன்றைய விதியைக் கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஊரில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து காத்திருப்போருக்குத் தமிழ்நாடு அரசு தரும் உதவித்தொகை வேறு. இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இதுவரை சொன்னது சந்தா உள்ளவர்களுக்கு. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு அந்த எண்ணே கிடையாது என்பது எங்களுக்குத் தெரியும். ஐந்து பேர் வேலை செய்யும் தோல் பட்டறையிலும், மாடியில் நடக்கும் தையல் கூடத்திலும் இ.எஸ்.ஐ. ஏது? விடியுமுன் இட்லி அவித்துத் தலையில் சுமந்து போகிறவருக்கு எந்த முதலாளி சந்தா கட்டுவார்? பத்துப் பேருக்குக் குறைந்த இடத்தில் முதலாளியும் தொழிலாளியும் விரும்பினால் சேரலாம் என்கிறது புதிய சட்டம். யார் விருப்பம் செல்லும் என்று நமக்குத் தெரியாதா? விருப்பம் என்பதை எடுத்துவிட்டுக் கட்டாயம் என்று எழுத வேண்டும். பட்டறை சிறியது என்பதற்காகப் பசி சிறியதாகிவிடாது. இதுவே நம் கோரிக்கை.

அந்தத் தம்பி இரண்டு நாள் வாசலோடு திரும்பிப் போய், மூன்றாம் நாள்தான் உள்ளே வந்தான். ஏன் என்று கேட்டோம். "உதவி கேட்க வெட்கமாக இருந்தது அண்ணாச்சி" என்றான். மாதாமாதம் கட்டிய பணத்தைக் கேட்க வெட்கம் எதற்கு? வெட்கப்பட வேண்டியவன் அந்தத் தாளை அச்சடித்து வைத்திருந்தவன்.

ஒவ்வொரு ஞாயிறும் மாலை நான்கு மணிக்கு இந்த மன்றத்தில் மேஜை போட்டு உட்காருகிறோம். உங்கள் தாள்களைக் கொண்டு வாருங்கள். வேலை போன பிறகு அல்ல, இப்போதே கொண்டு வாருங்கள்.