"எல்லாத்துக்கும் 'நோ' போடுடா": ஒரு ஸ்கூபா கதை

"அந்தமான் போறோம், ஸ்கூபா பண்ணலாமா?" என்று ஒருத்தர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். தாராளமா பண்ணலாம். ஆனா அதுக்கு முன்னாடி என் கதையைக் கேட்டுடுங்க. இதில் எனக்குப் பெருமையா ஒண்ணும் இல்லை.

நானும் என் ரூம்மேட்டும் ஃபெர்ரி பிடித்து ஹேவ்லாக் தீவுக்குப் போனோம். 2018-லேயே ஸ்வராஜ் த்வீப்னு பேர் மாத்திட்டாங்க, இன்னும் எல்லார் வாயிலும் ஹேவ்லாக்தான். அங்கே நீச்சல் தெரியாதவங்களையும் கடலுக்குள்ள கூட்டிட்டுப் போவாங்க. 'ட்ரை டைவ்'னு பேர். கரையோரம் கொஞ்ச நேரம் பயிற்சி, அப்புறம் ஆளுக்கு ஒரு இன்ஸ்ட்ரக்டர், நம்ம டேங்க்கைப் பிடிச்சுக்கிட்டே கூட வருவார். அதிகபட்சம் 12 மீட்டர் ஆழம். ஃபோட்டோ, வீடியோ எல்லாம் பேக்கேஜிலேயே சேர்த்தி. உண்மையைச் சொன்னா, நாங்க போனதே அந்த வீடியோவுக்குத்தான்.

கவுண்டரில் ஒரு ஃபார்ம் கொடுத்தாங்க. ஆஸ்துமா உண்டா, இதயத்தில் பிரச்சினை உண்டா, காதில் ஆபரேஷன் நடந்ததா என்று வரிசையா கேள்விகள். கவுண்டரில் இருந்தவரே, "எல்லாத்துக்கும் 'நோ' போட்டுடுங்க, ஒண்ணுக்கு 'யெஸ்' போட்டாலும் டாக்டர் லெட்டர் கேட்பாங்க" என்றார். எந்தக் கடைன்னு கேட்காதீங்க.

ரூம்மேட்டுக்குச் சின்ன வயசிலிருந்து வீசிங். பையில் எப்பவும் இன்ஹேலர் இருக்கும். பேனாவைப் பிடிச்சுக்கிட்டு என் மூஞ்சியைப் பார்த்தான். "எல்லாத்துக்கும் 'நோ' போடுடா, அரை மணி நேரம்தானே" என்றேன். போட்டான்.

நான் என்ன சொன்னேன் என்று எனக்கே அப்புறம்தான் புரிஞ்சது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம், மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்று, நீங்க மேலே வரும்போது இரண்டு மடங்கா விரியும். அதனாலதான் ஸ்கூபாவில் முதல் விதியே 'மூச்சை அடக்காதே'. விட்டுக்கிட்டே இருந்தா விரியற காற்று வெளியே போயிடும். வீசிங் வந்து மூச்சுக்குழாய் சுருங்கிட்டா? காற்று உள்ளேயே மாட்டிக்கும். மேலே ஏற ஏற விரிஞ்சு நுரையீரலே கிழியலாம். அதுக்கு 12 மீட்டர்கூட வேண்டாம், சில மீட்டரே போதும்.

இடுப்பளவு தண்ணியில் நின்னு சைகைகள் பழகினோம். கட்டைவிரலைத் தூக்கினா 'சூப்பர்' இல்லை, 'மேலே போகணும்'னு அர்த்தம். நல்லா இருக்கேன்னு சொல்ல விரலை வளையமா வைக்கணும். இதையெல்லாம் சொல்லிட்டு ரூம்மேட்டோட இன்ஸ்ட்ரக்டர், போர்ட் பிளேர் தமிழர், சும்மா பேச்சுவாக்கில் "சளி, இருமல் ஒண்ணும் இல்லையே தம்பி?" என்று கேட்டார். இவன் வாயிலிருந்து ரெகுலேட்டரை எடுத்துட்டு, "அண்ணா, எனக்கு வீசிங் இருக்கு" என்றான்.

அவர் திட்டலை. "இங்கேயே சொன்னீங்களே, நல்லது" என்று மட்டும் சொல்லிட்டு அவன் டேங்க்கைக் கழட்டினார்.

நான் உள்ளே போனேன். ஆமாம், அவனை விட்டுட்டுப் போனேன். மூணு மீட்டரில் காது வலிச்சது; மூக்கைப் பிடிச்சு மெல்ல ஊதினதும் சரியாச்சு. பவளப்பாறையைக் கிளிமீன் கொறிக்கிற சத்தம்கூடக் கேட்டுது. கேமராவைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் கட்டைவிரலைத் தூக்கிட்டேன். இன்ஸ்ட்ரக்டர் என்னை மேலே கொண்டுபோக ஆரம்பிச்சுட்டார்! என் வீடியோவில் அதுதான் ஹைலைட்.

கரையில் அவன் என் செருப்பையும் ஃபோனையும் வச்சுக்கிட்டு மணலில் உட்கார்ந்திருந்தான். கட்டின பணம் திரும்ப வரலை. ராத்திரி சாப்பிடும்போதுதான் வாயைத் திறந்தான்: "நீ 'யெஸ்' போடுன்னு சொல்லியிருந்தா போட்டிருப்பேன்டா." எனக்குப் பதில் வரலை.

சரி, வாய்ஸ் நோட் அனுப்பினவருக்கு. வீசிங் மாதிரி ஏதாவது இருந்தா ஃபிளைட் டிக்கெட்டுக்கு முன்னாடி உங்க ஊர் டாக்டரைப் பாருங்க. சிலருக்கு லெட்டர் கிடைக்கும், சிலருக்குக் கிடைக்காது. மூக்கடைப்பு இருந்தா டைவ் வேண்டாம், காது திறக்காது. மாத்திரை போட்டுச் சமாளிக்கலாம்னு நினைக்காதீங்க, அடியில் இருக்கும்போது அதோட வேகம் குறைஞ்சா சிக்கல். டைவைக் கடைசி நாளுக்கு வைக்காதீங்க. ஒரே ஒரு டைவ்னா குறைஞ்சது 12 மணி நேரம், பல டைவ்னா 18 மணி நேரம் கழிச்சுத்தான் விமானம் ஏறணும்.

ரூம்மேட் போன மாசம் நுரையீரல் டாக்டரைப் பார்த்தான். ஊதச் சொல்லி டெஸ்ட் எடுத்தாங்களாம். ஸ்கூபா இப்போதைக்கு வேண்டாம், மேலாக ஸ்நார்க்கலிங் பண்ணலாம்னு சொல்லியிருக்கார். டிசம்பரில் நீல் தீவுக்கு ரெண்டு டிக்கெட் போட்டிருக்கோம். இந்தத் தடவை ரெண்டு ஃபார்மையும் அவன்தான் நிரப்புவானாம்.