எடை குறைப்பு அறுவைச் சிகிச்சை: கையெழுத்துப் போடும் முன்

(மாவட்ட மைய நூலகத்தில் நடந்த வாசகர் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. செய்தித் துறையில் எழுதுகிற ஆள். இந்தத் தலைப்பை எடுத்ததற்குக் காரணம் எங்க அத்தை.

நாலு வருஷத்துக்கு முன்னாடி அவங்களுக்கு இந்த ஆபரேஷன் நடந்தது. "மூணே நாள்ல வீட்டுக்குப் போயிடலாம்" என்று மருத்துவமனையில் சொன்னாங்க. சொன்ன மாதிரியே வந்துட்டாங்க. எடையும் குறைந்தது, சர்க்கரை மாத்திரையும் பாதியானது. ஆனால் வைட்டமின் மாத்திரைகளை ஆயுள் முழுக்கச் சாப்பிடணும் என்பதை யாரும் அழுத்திச் சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டின் ஒரு மூலையில் மட்டும் எழுதியிருந்தது. எட்டு மாதத்தில் நிறுத்திட்டாங்க. இரண்டாவது வருஷம் பாதம் மரத்துப்போக ஆரம்பித்தது. ரத்தத்தில் பி12 மிகக் குறைவு. ஊசி போட்ட பிறகு பெருமளவு சரியானாலும், இடது கால் விரல்களில் இன்னும் கொஞ்சம் மரமரப்பு இருக்கு.

இன்னொரு செய்தி உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். 2024 ஏப்ரலில், இதே சிகிச்சைக்காகச் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போன இளைஞர் உயிரிழந்தார். சுகாதாரத் துறை விசாரணை நடத்தி, அந்த மருத்துவமனையின் பதிவைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. நல்ல மையத்தில், தகுந்த ஆளுக்குச் செய்தால் பலன் தருகிற சிகிச்சைதான் இது. ஆனால் நம் போனில் வருகிற 'முன்பு – பின்பு' படங்களில் இந்த இரண்டு கதையும் இருக்காது, இல்லீங்களா?

சரி, யாருக்கு இது? எடையை கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் இரண்டு முறை வகுத்தால் வருவது பிஎம்ஐ. 160 செ.மீ. உயரம், 90 கிலோ என்றால் சுமார் 35. இந்தத் துறை மருத்துவர்களின் அமெரிக்க அமைப்பும் சர்வதேச அமைப்பும் 2022-ல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், 35-க்கு மேல் இருந்தால் வேறு நோய் இல்லாவிட்டாலும் பரிந்துரைக்கலாம் என்கிறது. ஆசியர்களுக்கு 27.5-லிருந்தே யோசிக்கலாம். காரணம், நம்மவர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வந்துவிடுகிறது.

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். டாக்டரின் கணக்கு வேறு, இன்சூரன்ஸ் கணக்கு வேறு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி, தனியார் மருத்துவக் காப்பீட்டில் பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல் இருக்கணும். இல்லையென்றால் 35-உடன் இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத்திணறல், கட்டுக்கடங்காத சர்க்கரை போன்ற ஒன்று இருக்கணும். வயது 18 ஆகியிருக்கணும், மற்ற வழிகளில் முயன்று பலிக்காமல் போயிருக்கணும். "இன்சூரன்ஸ்ல பார்த்துக்கலாம்" என்று யார் சொன்னாலும், முன் அனுமதி கைக்கு வரும் வரை தேதி குறிக்காதீங்க. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருப்பவர்கள் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கூப்பிட்டு, இந்தச் சிகிச்சைக்கு, இந்த மருத்துவமனையில் பொருந்துமா என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்க.

அதிகம் செய்யப்படுவது ஸ்லீவ். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்து, மீதியை ஒரு குழாய் மாதிரி ஆக்கிவிடுவார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோனும் குறையும். வெட்டியது வெட்டியதுதான், திரும்ப ஒட்ட முடியாது. ஏற்கெனவே நெஞ்செரிச்சல் அதிகம் உள்ளவர்களுக்கு இதில் அது கூடலாம். அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லணும். பைபாஸ் என்பது இரைப்பையின் மேல் பகுதியைச் சின்னப் பையாக்கி, சிறுகுடலின் ஒரு பகுதியைத் தாண்டி இணைப்பது. சர்க்கரை நோய்க்கு நல்ல பலன் உண்டு, நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கும் இது ஏற்றது. ஆனால் சத்துக் குறைபாடு அதிகம் வரும். கல்யாண வீட்டில் ஒரு டம்ளர் பாயசம் குடித்தால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரலாம். சில வலி மாத்திரைகள் புண்ணை உண்டாக்கும் என்பதால், மருந்துக்கடையில் நீங்களாகவே வாங்கிப் போடக் கூடாது. பலூன் வைப்பது அறுவைச் சிகிச்சையே இல்லை. பொதுவாக ஆறு மாதத்தில் எடுத்துவிடுவார்கள், எடுத்த பிறகு எடை ஏறிவிடுவது சகஜம். 2025-லிருந்து வாராந்திர ஊசி மருந்துகளும் இந்தியாவில் கிடைக்கின்றன. அதையும் டாக்டரிடம் ஒப்பிட்டுக் கேட்கலாம்.

மருத்துவமனைக்குப் போனதும் சுவரைப் பாருங்க. மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப் பதிவுச் சான்று மாட்டியிருக்கா? அறுவை செய்பவரின் பெயரைத் தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் போனிலேயே தேடலாம். மயக்க மருந்து டாக்டர் இரவிலும் இருப்பாரா, ஐசியு இதே கட்டடத்தில் இருக்கா, சிக்கல் வந்தால் எங்கே மாற்றுவீங்க என்று கேளுங்க. கேள்வி கேட்டால் முகம் சுளிக்கிற இடத்தில் என் அத்தையை இனிமேல் நான் விடமாட்டேன்.

புகை பிடிப்பவர்கள் சில வாரங்கள் முன்பே நிறுத்தணும். குறட்டை அதிகம் என்றால் தூக்கப் பரிசோதனை வேண்டியிருக்கும். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் ஆபரேஷனுக்குப் பிறகு 12 முதல் 18 மாதங்கள் தள்ளிப்போடச் சொல்வார்கள். பைபாஸ் செய்தவர்களுக்குக் கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாமல் போகலாம், அதனால் வேறு முறையைக் கேட்டு வைக்கணும்.

வீடு திரும்பிய பிறகு நாடித் துடிப்பு வேகமாக இருந்தாலோ, காய்ச்சல், அதிகமாகும் வயிற்றுவலி, மூச்சுத்திணறல், ஒரு கால் மட்டும் வீங்குவது இதில் எது வந்தாலும் "வாயுத் தொல்லையா இருக்கும்" என்று வீட்டில் உட்காராதீங்க. தையல் போட்ட இடத்தில் கசிவாகவோ ரத்தக்கட்டாகவோ இருக்கலாம். அறுவை செய்த மருத்துவமனைக்கு உடனே சொல்லுங்க, மூச்சு முட்டினால் 108.

சாப்பாடு முதலில் நீராகாரம், பிறகு கூழ் பதம், பிறகு குழைந்த உணவு என்று வாரக்கணக்கில் மாறும். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. முட்டை, பருப்பு, பனீர் என்று புரதத்தை முதலில் சாப்பிடணும், சோறு கடைசியில். மூணாவது மாதத்திலிருந்து முடி கொட்டலாம். பெரும்பாலும் தானாகவே நிற்கும், ஆனால் புரதமும் இரும்புச்சத்தும் பார்க்கணும்.

அத்தையின் போனில் இப்போ காலை எட்டரைக்கு இரும்புச்சத்து மாத்திரைக்கு ஒரு அலாரம், மத்தியானம் ஒன்றரைக்குக் கால்சியத்துக்கு இன்னொன்று. இரண்டையும் சேர்த்துப் போட்டால் உடம்பில் இரும்பு சரியாகச் சேராது, அதனால்தான் அந்த இடைவெளி. அலாரம் வைத்துக் கொடுத்தது நான்தான். கேள்வி இருந்தால் கேளுங்க.