தண்ணீரின் பற்றுவரவு
(திருவல்லிக்கேணிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, நான் பாங்கு குமாஸ்தா. வரவையும் செலவையும் சேர்த்தே பார்த்துப் பழகினவன். சென்னையின் தண்ணீர் வரலாற்றில் வரவு மட்டுந்தான் எழுதப்பட்டிருக்கிறது.

1772இல் கோட்டைக்குத் தண்ணீர் தர ஏழுகிணறு. 1842இல் இதோ, நம்ம கடற்கரையில் ஐஸ் ஹவுஸ். அமெரிக்க ஏரிகளில் வெட்டின பனிக்கட்டி பாஸ்டனிலிருந்து கப்பலேறி வந்தது, துரைமார்கள் கோப்பையைக் குளிர்விக்க. 1872இல் செங்குன்றம் தண்ணீர் கீழ்ப்பாக்கம் வந்தது. பனிக்கட்டிக்கே மாளிகை கட்டின மாகாணத்தில், பொதுக்கிணறும் குளமும் தாழ்த்தப்பட்டோருக்கும் உண்டு என்று சட்டமன்றம் தீர்மானம் போட 1924 ஆனது.

சரி, செலவுப் பக்கம்? வந்த தண்ணியெல்லாம் சாக்கடையாத்தானே போகுது? அடைச்சிக்கிட்டா உள்ள இறங்கறது யாரு? பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கக்கூடாதென்று 2013இல் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் இந்த நகரத்தில் நம் ஆட்கள் விஷவாயுவில் செத்திருக்கிறார்கள்.

ஐஸ் ஹவுஸுக்கு இன்று விவேகானந்தர் இல்லம் என்று பேர். விவேகானந்தர் 1897இல் அங்கே தங்கினார், அதனால். குழிக்குள்ள செத்தவன் பேரை எந்தக் கல்லுல வெட்டியிருக்கு?

கணக்கு இன்னும் நேராகலை, தோழர்களே. அந்தப் பேர்களை நாம எழுதுவோம். இந்தத் தெருவிலிருந்தே தொடங்குவோம்.