நாசில் மாட்டிய பின் டிராக்டர் உதறுகிறதா?

(குறுவைக்கு முன் நடந்த உழவர் பயிற்சி நாளில் ஆற்றிய உரை)

பயிர் உழவியல் கற்பிக்கிறவன் எஞ்சினைப் பற்றி ஏன் பேசுகிறான் என்று உங்களுக்குத் தோன்றலாம். குறுகிய கால இரகங்களின் நாற்றை 18 முதல் 22 நாட்களுக்குள் நட்டுவிட வேண்டும். முற்றினால் தூர் கட்டுவது குறையும். கடைமடைக்கு முறை வைத்துத் தண்ணீர் வரும் இரண்டு நாளில் டிராக்டர் படுத்துவிட்டால், நாற்று நமக்காகக் காத்திருக்காது. மேட்டூர் அணை ஜூன் 12-க்குப் பதில் ஜூலை 28-இல் திறந்த 2024-ஆம் ஆண்டு போன்ற காலத்தில் கேட்கவே வேண்டாம்.

மன்னார்குடிப் பக்கத்து உழவர் ஒருவர் மூன்று சிலிண்டர் டிராக்டரின் நாசில்களைப் பழுது பார்த்து மாட்டினார். அன்றே எஞ்சின் உதறியது, கரும்புகை கக்கியது. பம்பைக் கழற்ற வேண்டும் என்றார்கள். அவர் சற்றுப் பொறுத்து, பின்வருமாறு செய்து பார்த்தார்.

முதலில் காற்று. பைப்பைக் கழற்றினால் காற்று புகாமல் இராது. பில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, நுரையில்லாமல் டீசல் வந்ததும் முடுக்குங்கள். பிறகு நாசில் பக்கத்து நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு, டீசல் துடித்து வந்ததும் இறுக்குங்கள். பாதிக் கோளாறு இதிலேயே தீர்ந்துவிடும்.

தீரவில்லையா? எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஒரு நாசிலின் பைப் நட்டை மட்டும், மேலே துணியைப் போர்த்தி, தளர்த்துங்கள். ஓட்டம் இன்னும் தளர்ந்தால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது. மாற்றமே இல்லையென்றால் அதுதான் சோம்பேறி. எஞ்சினை நிறுத்தி, அதன் நாசிலை நல்ல சிலிண்டரின் நாசிலோடு இடம் மாற்றுங்கள். செப்பு வாஷர் புதியதாக இருக்கட்டும். கோளாறும் கூடவே இடம் மாறினால் குறை நாசிலில். நம் உழவருக்கோ அது அதே சிலிண்டரில் நின்றது. துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால், பழைய வாஷர் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது! அதன் மேலேயே புதியதைப் போட்டிருக்கிறார்கள். நாசில் உயர்ந்து நின்றதால் டீசல் உரிய இடத்தில் தெறிக்கவில்லை. சில ரூபாய் வாஷருக்காகப் பம்ப் கழன்றிருக்கும். வாஷரும் சரியென்றால் வால்வு இடைவெளி, கம்ப்ரஷன் பாருங்கள். பம்பு கடைசியில்தான்.

நாசிலில் குறையென்றால் டெஸ்டரில் வைத்துக் கண்ணெதிரே அடித்துக் காட்டச் சொல்லுங்கள். எல்லா நாசிலும் ஒரே அழுத்தத்தில் திறக்க வேண்டும். பல டிராக்டர்களில் இது சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ அளவில் இருக்கும். உங்கள் வண்டிக்கு உரியதைக் கையேட்டில் பாருங்கள். டீசல் பனிபோல் வரவேண்டும், சொட்டக்கூடாது. காட்டச் சொன்னால் கோபிக்கிற மெக்கானிக்கிடம் வண்டியை விட வேண்டாம் என்பது என் கருத்து.

பீறிடும் டீசலுக்கு நேரே கையைக் காட்டாதீர்கள். தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளிதான் தெரியும், முதலில் வலிகூட இராது. ஆனால் விரலையே எடுக்க நேரிடலாம். மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு உட்காராமல், அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே செல்லுங்கள். டீசல் பாய்ந்தது என்று சொல்லுங்கள்.

50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் புகை விதி கடுமையாகியுள்ளது. அதனால் காமன் ரெயில் எஞ்சின்கள் வந்துள்ளன. அவற்றில் அழுத்தம் 1000 கிலோவையும் தாண்டும். நட்டைத் தளர்த்தும் சோதனையை அவற்றில் செய்யவே கூடாது. புதிய லாரிகளுக்கும் இதே எச்சரிக்கைதான்.

ஒற்றைச் சிலிண்டர் பம்புசெட்டில் இடம் மாற்றிப் பார்க்க வழியில்லை. காற்றும் வாஷரும் அங்கேயும் முதலில் பார்க்க வேண்டியவைதாம்.