மலையகமா செங்கொடியைக் கைவிட்டது?



மலைநாட்டுத் தொழிலாளிக்கு வர்க்க உணர்வு இல்லை, அதனால்தான் இங்கே இடதுசாரிக் கட்சிகள் தேய்ந்துபோயின என்கிறார்கள். இது நம் மீது சுமத்தப்பட்ட பழி. அதை இந்த ஹட்டன் மேடையிலே நான் மறுக்கிறேன்!

1940 ஜனவரி 10. முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்ட போராட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் போலீஸ் குண்டுக்குப் பலியானார். அங்கே தொழிலாளரைத் திரட்டியது இடதுசாரி சமசமாஜக் கட்சியின் சங்கம். தோட்டத் துரைக்கு முன்னால் நிமிர்ந்து நிற்கலாம் என்று நம் பாட்டன்மாருக்குக் காட்டியவர்கள் அவர்கள். 1947 தேர்தலில் நம் சனம் இலங்கை இந்தியன் காங்கிரசுக்கு ஓட்டுப் போட்டது. காங்கிரஸ் நிற்காத பல தொகுதிகளில் இடதுசாரிகளுக்குப் போட்டது. அந்த ஓட்டைக் கண்டுதான் டி.எஸ். சேனநாயக்கவின் அரசு அஞ்சியது. 1948இல் பிரஜாவுரிமை போனது. 1949இல் வாக்குரிமையும் போனது.

அன்று நாடாளுமன்றத்தில் இடதுசாரித் தலைவர்களான என்.எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, பீட்டர் கெனமன் நமக்காக எதிர்த்து நின்றார்கள். அந்த நன்றியை மறக்கமாட்டோம். ஆனால் ஓட்டுப் பறிபோனவனோடு அவர்கள் எவ்வளவு தூரம் நடந்தார்கள்?

1964 ஜூனில் சமசமாஜக் கட்சி சிறிமாவோ அரசில் சேர்ந்தது. என்.எம். நிதியமைச்சர். அக்டோபரில் இந்தியாவோடு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்! 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று ஆளைக் கணக்கிட்டுப் பிரித்தார்கள். நம்மை யாரும் கேட்கவில்லை. அதற்காக ஒரு சமசமாஜ அமைச்சரும் பதவி விலகவில்லை. பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களை ஏற்றித் தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு நம் சனம் வைத்த பெயர், ஒப்பாரிக் கோச்சி.

1970இல் மீண்டும் கூட்டரசு. தோட்டத்துறை அமைச்சர் கொல்வின். அந்த ஆட்சியில்தான் 1973, 74இல் லயங்களில் பட்டினி. 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. லயத்துக் கூரை மாறவில்லை. 1977 மே மாதம், தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்து நின்ற சிவனு லட்சுமணன் டெவன் தோட்டத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஜூலைத் தேர்தலில் சமசமாஜக் கட்சிக்கும் கம்யூனிஸ்ட் கட்சிக்கும் நாடு முழுக்க ஓர் ஆசனமும் இல்லை. நுவரெலியா – மஸ்கெலியாவில் தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான் வென்றார். வேலையிலிருந்து பேர் வெட்டினால் துரையிடம் பேச, பொலிசில் மாட்டினால் மீட்டுவர, வாசலில் வந்து நின்ற சங்கத்தோடு தொழிலாளி போனான். அது வர்க்க உணர்வு இல்லாமையா?

2024 நாடாளுமன்றத் தேர்தலில் நுவரெலியா மாவட்டத்தின் 8 ஆசனங்களில் 5 இடதுசாரிகளான தேசிய மக்கள் சக்திக்குப் போயின. அதன் தாய்க் கட்சியான ஜே.வி.பி., ஒரு காலத்தில் நம்மை இந்திய விஸ்தரிப்புவாதத்தின் கருவி என்று வகுப்பெடுத்த கட்சி. அதையும் தாண்டி நம் சனம் நம்பியிருக்கிறது. ஆகவே, செங்கொடி மேல் இந்த மலைக்குப் பகையில்லை.

தோழர்களே! இனி எந்த நிறக் கொடி பிடித்து யார் வந்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். நாங்கள் குடியிருக்கும் மண்ணுக்குக் காணி உறுதி தருவீர்களா? எங்கள் உரிமைமீது கை வைக்கப்படும் நாளில், மந்திரிப் பதவியை எறிந்துவிட்டு எங்களோடு வந்து நிற்பீர்களா? இரண்டுக்கும் ஆம் என்று சொல்லி, செய்தும் காட்டுகிறவனுக்கே நம் ஓட்டு!