ஔடத தானமும் மலைவாழ் மருத்துவரும்



போடிநாயக்கனூரை அடுத்த ராசிங்காபுரத்திலிருந்து மேற்கே நோக்குவார்க்கு மலைத்தொடர் தோன்றும். ஏலம் விளையும் மலை அது. ஏலம் என்றதும் தமிழ்ச் சமணர் நெஞ்சில் எழ வேண்டிய நூல் ஏலாதி. ஏலம் ஒரு பங்கு, இலவங்கம் இரு பங்கு, சிறுநாவற்பூ மூன்று, மிளகு நான்கு, திப்பிலி ஐந்து, சுக்கு ஆறு எனக் கூட்டிய மருந்தின் பெயரையே கணிமேதாவியார் தம் அறநூலுக்கு இட்டார். காரியாசான் ஐந்து வேர்களின் பெயரால் சிறுபஞ்சமூலம் தந்தார். வேரைப் பறிக்கத் தயங்கும் சமயத்தில் வேரின் பெயரால் ஒரு நூல் தோன்றியது சிறு வியப்பே. எனினும் ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என்னும் நால்வகைத் தானத்துள் மருந்தை வைத்தவர்க்கு அது பொருந்தும்.

ஆனால் அந்த மிளகையும் ஏலத்தையும் காட்டில் முதன்முதல் கண்டு, இன்ன நோய்க்கு இது ஆகும் என்று தேர்ந்தவர் யார்? அவர் பெயரை எந்த ஏடும் சொல்லவில்லை.

சிராவகர் ஏற்கும் அணுவிரதங்களுள் ஒன்று கள்ளாமை. பிறர் கொடாததைக் கொள்ளாமையே அதன் இலக்கணம். பொன்னுக்கும் நெல்லுக்கும் பொருந்தும் இவ்விரதம் ஒருவர் வழிவழியாகக் காத்த மருத்துவ அறிவுக்குப் பொருந்தாதா என்னும் வினாவை, பொதியமலையைச் சார்ந்த ஒரு நிகழ்ச்சி எழுப்பியது.

1987-ஆம் ஆண்டு, பழங்குடியினரின் தாவர அறிவைத் தொகுக்கும் அனைத்திந்திய ஆய்வுத் திட்டத்தின் குழுவொன்று, அறிஞர் புஷ்பாங்கதன் தலைமையில் அகத்தியர் மலைக்காடுகளில் ஏறியது. வழிகாட்டியாக வந்த காணி இளைஞர்கள் ஒரு சிறு செடியின் காயை அவ்வப்போது மென்றுகொண்டு களைப்பின்றி நடந்தனர். களைத்திருந்த அறிஞர்களும் அதனை உண்டபோது சோர்வு நீங்கக் கண்டனர். அஃது என்ன செடி என்று வினவியபோது இளைஞர்கள் எளிதில் சொல்லவில்லை. குடிக்குள் காக்கப்பட்ட மறைபொருள் அது. பின்னர் மனம் இசைந்தே காட்டினர். ஆரோக்கியப்பச்சை என்பது அதன் பெயர்.

திருவனந்தபுரத்தை அடுத்த பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அச்செடியை ஆராய்ந்து, வேறு மூன்று மூலிகைகளையும் சேர்த்து 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கியது. காணிகள் உண்டது காயை. ஆய்வாளர் பயன்படுத்தியது இலையை. இலையைக் கொய்தால் செடி மீண்டும் தழைக்கும் என்பதால் இம்மாற்றம் நல்லதே. மருந்தைச் செய்யும் உரிமையை 1995-இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசி பெற்றது. உரிமத் தொகை 10 லட்சம் ரூபாய். அதன்மேல் விற்பனையில் 2 விழுக்காடு. இவ்விரண்டிலும் பாதி காணிகளுக்கு என்று அந்நிறுவனம் முடிவு செய்தது. அப்படிக் கொடுக்க வேண்டும் என்று அந்நாளில் இந்தியச் சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தவில்லை. கொடுக்க மனம் இருந்தும் வாங்கிக்கொள்ள ஓர் அமைப்பு இல்லை. 1997-இல் காணிகளின் நல அறக்கட்டளை பதிவான பின்னரே, 1999-இல் பணம் அவர்கள் கணக்கில் சேர்ந்தது. உலகின் பல நாடுகளிலும் இது முன்மாதிரியாகப் பேசப்பட்டது.

பாராட்டு ஒருபுறம் இருக்க, குறைகளையும் எண்ணிப் பார்த்தல் தகும். 2 விழுக்காட்டில் பாதி என்றால் நூற்றுக்கு ஒன்று. அறிவைத் தந்த குடிக்கு அது பெரும்பங்கு ஆகுமா? அடுத்தது இன்னும் நுண்ணியது. காணிகளுள் மருத்துவம் அறிந்த மூத்தோர் பிலாத்திகள் எனப்படுவர். செடியைக் காட்டியோர் இளைஞர்கள். மருந்தறிவைக் காத்துவந்தோர் பிலாத்திகள். தம் அறிவு தனியார் நிறுவனத்துக்கு விற்கப்படுவதைப் பிலாத்திகள் சிலர் எதிர்த்தனர். இசைவு பெற்றது உண்மை. இசைவு தரத்தக்கவரிடமெல்லாம் பெற்றார்களா என்பதே கேள்வி. மூன்றாவது தடை காட்டிலிருந்தே வந்தது. அச்செடி இயற்கைக் காட்டின் நிழலில் வளர்ந்தால்தான் அதன் மருத்துவக் குணம் நிலைக்கிறது. காட்டிலிருந்து இலை சேகரிக்க வனத்துறை எளிதில் இசையவில்லை. ஒரு கை பங்கு கொடுக்க, மற்றொரு கை இலையைத் தடுத்தது. மருந்துச் சாலையும் பழங்குடியும் ஒப்பந்தம் செய்தால் மட்டும் போதாது, காட்டின் மேல் உரிமையும் வேண்டும் என்பதனை அங்குள்ளோர் பட்டறிந்தனர்.

2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம், முன்பு ஒரு நிறுவனத்தின் நல்லெண்ணமாக இருந்த பங்கீட்டை நாட்டின் விதியாக்கியது. ஒவ்வோர் உள்ளாட்சியிலும் மேலாண்மைக் குழு அமைத்து, அப்பகுதியின் செடிகொடிகளையும் அவை பற்றி மக்கள் அறிந்தவற்றையும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதவும் அது வழிசெய்தது. 2023-இல் வந்த திருத்தம், நூல்களில் ஏறிவிட்ட மரபறிவைப் பயன்படுத்துவோர்க்கும் பதிவுபெற்ற சித்த, ஆயுர்வேத மருத்துவர்க்கும் பங்கீட்டிலிருந்து விலக்கு அளித்துள்ளது. ஏலாதி மருந்தின் கூட்டைப் போல ஏட்டில் உள்ளதைப் பயன்படுத்தும் இந்நாட்டவர் இனிப் பெரும்பாலும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

போடி மலைகளில் வாழும் முதுவரும் பளியரும் அறிந்தவற்றுள் பெரும்பகுதி ஏட்டில் இல்லை. முதியோர் நாவில் உள்ளது. மலையடிவார ஊர்களில் மருந்துக்கடை நடத்துவோரும் மருந்துத் தொழிலில் முதலிடுவோரும் தமிழ்ச் சமணக் குடும்பங்களில் இருப்பின், மலையிலிருந்து ஒரு மூலிகை தம் கைக்கு வரும்போது கேட்க வேண்டிய வினாக்கள் சிலவே. இதன் பயனைச் சொன்னவர் யார்? அவர் மனம் இசைந்து சொன்னாரா? அவர் குடிக்கு என்ன போய்ச் சேர்ந்தது?